52 அளவு றோட் பைக்கை விடுங்கள், அந்தச் "சின்னப்பிள்ளைச் சைக்கிளை"ப் போய்ப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, நான் புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். உயரம் 150 சென்ரிமீற்றர், நிறை 44 கிலோ. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் பரந்தன் றோட்டில் சைக்கிள் ஓடப் போகிறார்கள், எனக்கும் சேர ஆசை. போன மாதம் ஒருவருடைய 52 அளவு (சட்டத்தின் அளவு, சென்ரிமீற்றரில்) றோட் பைக்கை இரவல் வாங்கி 30 கிலோமீற்றர் ஓடினேன். கழுத்தும் தோளும் நோ, விரல்கள் விறைத்துப்போயின, இருக்கிற இடமும் மரத்துப்போனது (சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது). ஒரு திருப்பத்தில் கால்விரல் முன்சில்லில் முட்டி விழப்பார்த்தேன். அந்தச் சைக்கிளையே மலிவாகத் தருகிறேன் என்கிறார். சீற்றை இறக்கி, ஹாண்டிலைப் பிடிக்கிற ஸ்டெம்மைக் கட்டையாகப் போட்டால் சரிவருமாம். வவுனியாவில் 46 என்று போட்ட பழைய ஜப்பான் றேசிங் சைக்கிள் ஒன்றும் நிற்கிறது. சில்லு கொஞ்சம் சின்னன், தம்பி "சின்னப்பிள்ளைச் சைக்கிள்" என்று சிரிக்கிறான். கனடாவில் இருக்கும் அக்கா, பெண்களுக்கென்றே செய்த றோட் பைக் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்கிறா. நான் எதை எடுக்க?

பதில்:

தங்கச்சி, முதலில் அந்த 52ஐத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மலிவு என்றாலும் வேண்டாம். ஏன் என்று கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும், ஏனென்றால் அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, பாதி உண்மையை நம்பித்தான் நானும் ஒருமுறை பிழை விட்டேன்.

2022இல் பெற்றோல் இல்லாத நேரம். லைனில் நின்று களைத்தவர்கள் எல்லாம் சைக்கிள் தேடி வந்தார்கள், சைக்கிள் விலை கண்டபடி ஏறியது, கையில் கிடைத்ததை விற்றோம். உங்கள் உயரமளவில் ஒரு பிள்ளை வந்தா, என்னிடம் நின்றது ஒரு 52. சீற்றை அடியோடு இறக்கினேன், 100 மில்லிமீற்றர் ஸ்டெம்மைக் கழற்றி 60 போட்டேன், கடைக்கு முன்னால் இரண்டு சுற்று ஓடிப்பார்த்து "நல்லாயிருக்கு அண்ணா" என்று போனா. மூன்று மாதத்தில் சைக்கிள் திரும்பி வந்தது, முழங்காலும் இடுப்பும் நோகுதாம். அன்றைக்குத்தான் விளங்கியது, நான் மாற்றியது இரண்டு சாமான், மாற்றாமல் விட்டது ஐந்து.

பிழை எங்கே என்றால், வன்னியில் நாங்கள் எல்லோரும் பெரிய சைக்கிளில் பழகியவர்கள். அப்பாவின் 28 அங்குலச் சைக்கிளில் பாருக்குக் கீழால் காலை விட்டு, உடம்பைக் கோணிக்கொண்டு ஓடித்தான் பழகினோம், அப்புறம் பாருக்கு மேலே ஏறினோம். அதனால் சைக்கிள் ஆளுக்குப் பெரிது என்பது எங்கள் கண்ணுக்குப் பிழையாகவே தெரிவதில்லை, ஆள்தான் வளைந்துகொடுக்கவேண்டும் என்று பழகிவிட்டோம். கடைக்குப் போய்வர அது பறவாயில்லை. இரண்டு மணித்தியாலம் குனிந்து, கையில் பாரத்தைக் கொடுத்து, ஒரு மணித்தியாலத்துக்கு நாலாயிரம் தடவைக்கு மேல் உழக்குகிற சைக்கிளில் ஒவ்வொரு சென்ரிமீற்றரும் கணக்குக் கேட்கும்.

சரி, கணக்குக்கு வருவோம். வெறுங்காலோடு சுவரில் முதுகை ஒட்டி நில்லுங்கள், ஒரு தடித்த புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் சீற் மாதிரி மேலே இறுக்கிப் பிடியுங்கள், புத்தகத்தின் மேல்விளிம்பில் இருந்து தரைக்கு ஒருவரைக் கொண்டு அளப்பியுங்கள். இதுதான் கவட்டு உயரம். நீங்கள் எழுதவில்லை, 150 உயரத்துக்கு 67, 68 வரும் என்று வைத்துக்கொள்கிறேன். 68ஐ 0.883ஆல் பெருக்கினால் 60. அதாவது பெடல் பூட்டுகிற கிராங்கின் நடு அச்சிலிருந்து சீற்றின் மேல்மட்டம் வரை உங்களுக்கு 60 சென்ரிமீற்றர்தான் வேண்டும். இது பழைய சூத்திரம், கடவுள் வாக்கு இல்லை, ஒரு சென்ரிமீற்றர் முன்பின் இருக்கும், ஆனால் தொடங்குவதற்கு நல்லது. குதியைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் வரும்போது கால் மட்டுமட்டாக நீண்டால் அதே உயரம்தான், நாடா இல்லாதவர்கள் அப்படிப் பார்க்கலாம்.

52 அளவுச் சட்டத்தில் அந்த 60க்குச் சீற்றை இறக்கினால், சீற் தண்டு முழுக்க உள்ளே போய்விடும், சில சட்டத்தில் அதற்கும் எட்டாது. பார் படுக்கையாகப் போகிற பழைய மாதிரிச் சட்டம் என்றால் நிலத்திலிருந்து பாரின் உயரம் 76, 77 இருக்கும், உங்கள் கவடு 68. சந்தியில் நிறுத்தினால் கால் ஊன்ற இடமில்லை, ஒரு பக்கம் சரித்துத்தான் நிற்கவேண்டும். இதற்கு ஸ்டெம் மாற்றி என்ன செய்வது?

மற்றது, 52ஓடு வருகிற சாமான்கள் எல்லாம் 52க்கு ஏற்றவை. ஹாண்டில் அகலம் 40 அல்லது 42 சென்ரிமீற்றர், கிராங் நீளம் 170 அல்லது 172.5 மில்லிமீற்றர். உங்கள் தோள் எலும்புக்குத் தோள் எலும்பு அளந்தால் பெரும்பாலும் 34, 35 வரும், உங்களுக்கு 36 அல்லது 38 ஹாண்டில். அவ்வளவு அகலத்தில் கையை அகட்டிக்கொண்டு 30 கிலோமீற்றர் ஓடினால் கழுத்தும் தோளும் நோகாமல் என்ன செய்யும்? ஹாண்டில், ஸ்டெம், கிராங், சீற் என்று நாலையும் மாற்றிக் கூட்டிப் பாருங்கள், அந்த மலிவு எங்கே போனது என்று தெரியும்.

இனி முக்கியமான விஷயம். எல்லோரும் சைக்கிள் அளவு என்றால் சீற் உயரத்தைப் பார்க்கிறார்கள். சீற் மேலே கீழே போகும், அதைப் பிறகு பார்க்கலாம். ஹாண்டில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுதான் வாங்கும்போதே முடிவாகிவிடுகிற விஷயம். சட்டத்தில் எழுதிய 46, 48, 52, எக்ஸ்எஸ் எல்லாம் கம்பனிக்குக் கம்பனி மாறும், அதை நம்பவேண்டாம். கேட்கவேண்டிய எண்கள் இரண்டு, ரீச், ஸ்டாக். கிராங் அச்சுக்கு நேர் மேலே ஒரு கோடு கிழித்தால், அந்தக் கோட்டிலிருந்து முன்கழுத்துக் குழாயின் மேல்வாய் எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச், எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக். உங்களுக்கு ரீச் 36 சென்ரிமீற்றருக்குக் கிட்ட, அதற்கும் குறைய இருந்தால் நல்லது, ஸ்டாக் 50க்குக் கிட்ட. பெரும்பாலான 52களில் ரீச் 38க்கு நெருங்கும்.

இதில் ஒரு சுத்துமாத்து இருக்கிறது, கவனியுங்கள். பார் நீளத்தை மட்டும் காட்டி "இது சின்னச் சைக்கிள்" என்று விற்பார்கள். சின்னச் சட்டத்தில் பாரைக் கட்டையாகக் காட்டச் சீற் குழாயை நிமிர்த்திவிடுவது வழக்கம். இரண்டு சட்டம் எடுங்கள், இரண்டுக்கும் ஸ்டாக் 50. ஒன்றில் பார் 50.5, சீற் குழாய் 73 பாகை. மற்றதில் பார் 49.5, சீற் குழாய் 75.5 பாகை. பார்த்தால் இரண்டாவதுதான் சின்னன். கணக்குப் போட்டால் முதலாவதின் ரீச் 35.2, இரண்டாவதின் ரீச் 36.6. ஒரு சென்ரிமீற்றர் கட்டையான பார், ஆனால் ஹாண்டில் ஒன்றரைச் சென்ரிமீற்றர் அளவில் தூரம்! சீற்றை அதன் கீழே உள்ள கம்பித் தண்டவாளத்தில் பின்னுக்குத் தள்ளி உங்கள் இடத்துக்குக் கொண்டுவந்தவுடன் வித்தியாசம் கையில் தெரியும். கணித ரீச்சருக்கு இதைப் போட்டுக் காட்டுங்கள், ஐந்து நிமிட வேலை.

கால்விரல் சில்லில் முட்டின கதை. 52இலேயே முட்டியதென்றால், நடுப்பாதத்தால் உழக்கியிருப்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம், பெருவிரல் அடிமொளி பெடல் அச்சுக்கு மேலே இருக்கவேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டும், உங்கள் அளவுச் சட்டத்தில் வழமையான 700சி சில்லைப் போட்டாலும் கொஞ்சம் முட்டத்தான் செய்யும், சட்டம் கட்டையாகும்போது முன்சில்லு காலுக்குக் கிட்ட வருகிறது. வேகமாக ஓடும்போது ஹாண்டில் அவ்வளவு திரும்புவதில்லை, அதனால் பயமில்லை. ஆமை வேகத்தில் றோட்டில் வளைத்துத் திருப்பும்போதுதான் முட்டும், திருப்புகிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் காலைப் பின்னுக்கு வைத்துப் பழகலாம்.

தம்பி சிரித்த அந்தச் சின்னச் சில்லு வேலைக்கு வருவது இங்கேதான். 700சி றிம்மில் ரயர் இருக்கிற இடத்தின் விட்டம் 622 மில்லிமீற்றர். ஜப்பான்காரர்கள் சின்ன ஆட்களுக்கென்று போட்ட சில்லு பெரும்பாலும் 650சி, விட்டம் 571. ரயரோடு சேர்த்து ஆரையைப் பார்த்தால் 25 மில்லிமீற்றருக்கு மேல் குறைகிறது, அவ்வளவும் உங்கள் கால்விரலுக்குக் கிடைக்கிற இடம். ஹாண்டிலும் அந்தளவு கீழே வரலாம். சின்னச் சில்லென்றால் வேகம் குறையும் என்பது எங்கள் ஊர்ப் பேச்சு, கியர் பல்லை ஒன்றிரண்டு மாற்றினால் அந்தக் கணக்குச் சமன். அமெரிக்காவில் ஜோர்ஜீனா டெர்ரி என்ற பெண் 1985இல் தொடங்கி, முன்சில்லை மட்டும் 24 அங்குலமாகப் போட்டுப் பெண்களுக்கு றோட் பைக் கட்டிக்கொடுத்தா, இதே பிரச்சினைக்காகத்தான். கேன்யன் கம்பனியும் சில வருடம் தன் மிகச் சின்ன அளவுகளுக்கு 650பி என்ற, 700சியைவிடச் சின்னச் சில்லுப் போட்டது. சின்னப்பிள்ளைச் சைக்கிள் என்று அவர்களை ஒருவரும் சிரிக்கவில்லை என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு கரைச்சல், ரயர். அதுவும் பெரிய கரைச்சல். எங்கள் கடைகளில் "26 அங்குலம்" என்று கேட்டால் எடுத்துத் தருவது லேடீஸ் சைக்கிளின் ரயர், அதன் விட்டம் 590. மவுண்டன் பைக்கின் 26 என்றால் 559. உங்கள் சைக்கிளில் 26 என்று எழுதியிருந்தாலும் பெரும்பாலும் 571, ஒன்றுக்கொன்று பூட்டவே பூட்டாது. ரயரின் பக்கச்சுவரில் 23-571 மாதிரிச் சின்ன எழுத்தில் ஒரு எண் இருக்கும், அதை மட்டும் நம்புங்கள். 571 முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ கடையில் தொங்காது. அக்காவிடம் சைக்கிள் கேட்காதீர்கள், 571 ரயர் நாலு, அதற்கான ரியூப் ஆறு கேளுங்கள். பெட்டிக்குள் பெரிய இடமும் பிடிக்காது, பல வருடத்துக்குக் காணும்.

வவுனியாவுக்குப் போகும்போது நாடா ஒன்று கொண்டுபோங்கள், கூடவே ஒரு ஆளையும். பழைய சைக்கிள் என்றபடியால், முதலில் சட்டத்தின் மூட்டுகளில் பெயின்ற் வெடித்திருக்கிறதா, முன்கழுத்துக்குக் கீழே குழாய் சுருங்கியிருக்கிறதா பாருங்கள் (சுருங்கியிருந்தால் எங்கேயோ மோதியது, விட்டுவிட்டு வாருங்கள்). சீற் தண்டு அசைகிறதா என்று கழற்றச் சொல்லுங்கள், கப்பலில் வந்த பழைய சைக்கிளில் தண்டு துருவில் ஒட்டிப்போயிருக்கும், அதை எடுக்கப் பட்ட பாட்டில் இரண்டு சட்டம் என் கையாலேயே போயிருக்கிறது. றிம்மின் பிரேக் பிடிக்கிற பக்கம் விரலால் தடவினால் குழிந்திருக்கக்கூடாது. சின்னக் கீறல், மங்கின பெயின்ற், பழைய செயின் இதெல்லாம் பொருட்டில்லை.

பிறகு ஏறி இருங்கள். ஒருவர் சைக்கிளைப் பிடிக்கட்டும். பிரேக் கொம்புகளின் மேல் கை வைத்து உழக்குகிற மாதிரி இருந்துகொண்டு, இரண்டு கையையும் ஒரு செக்கன் தூக்குங்கள். முன்னால் விழப்போகிற மாதிரி இருந்தால் ஹாண்டில் தூரம், அல்லது சீற் அதிகம் முன்னால். முழங்கை கொஞ்சமாவது மடிந்திருக்கவேண்டும், தோள் காதுக்கு ஏறக்கூடாது. கொம்பிலிருந்து பிரேக் நெம்பை இரண்டு விரலால் வசதியாகப் பிடிக்க முடிகிறதா? உங்கள் கை சின்னன், பல நெம்புகளில் கிட்டக் கொண்டுவரச் சின்ன ஸ்க்ரூ ஒன்று உண்டு, கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள். பழைய நெம்பென்றால் அந்த வசதி இராது, ஷிமானோ கம்பனி பிற்காலத்தில் சின்னக் கைக்கென்றே நெம்பு செய்தது. இரண்டு விரலால் பிரேக் பிடிக்க முடியாத சைக்கிளை மட்டும், மற்றது எல்லாம் பொருந்தினாலும், வாங்காதீர்கள்.

கடைசியாக, கடைக்கு முன்னால் இரண்டு சுற்றில் முடிக்காதீர்கள். இருபது நிமிடம் கேளுங்கள், காத்துக்கு எதிராக ஓடிப்பாருங்கள். வலி வருவது பத்து நிமிடத்துக்குப் பிறகுதான்.

கிராங்கைப் பற்றி ஒரு சொல். அந்தச் சைக்கிளில் 165 இருந்தால் நல்லது, 170 என்றால் பிறகு 160க்கு மாற்றலாம். பத்து மில்லிமீற்றர்தானே என்று நினைக்கவேண்டாம். கிராங் பத்துக் குறைந்தால் சீற்றைப் பத்து ஏற்றலாம், பெடல் மேலே வரும்போதும் பத்துக் குறைய வரும், ஆகக் கூட்டினால் முழங்காலுக்கும் இடுப்புக்கும் இரண்டு சென்ரிமீற்றர் இடம். குனியும்போது துடை வயிற்றில் இடிக்கிற மாதிரி இருந்தால் காரணம் இதுதான். கட்டைக் கிராங்கில் பலம் வராது என்பார்கள், சைக்கிள் ஓட்ட வீரர் பொகாச்சர் 165இல் ஓடித்தான் 2024 டூர் டி பிரான்ஸ் வென்றார், அவர் உங்களைவிட 25 சென்ரிமீற்றருக்கு மேல் உயரம்.

நீங்கள் கூச்சப்பட்டு எழுதிய விஷயத்தில் கூச்சத்துக்கு ஒன்றுமில்லை, ஆம்பிளைகளுக்கும் வருவது, அவர்கள் சொல்வதில்லை. ஹாண்டில் எட்டாதபோது ஆள் தன்னை அறியாமல் சீற்றின் மூக்குக்கு வழுக்கிவருகிறார், பாரம் எலும்பில் இருக்கவேண்டியது மெல்லிய சதையில் இறங்குகிறது. அளவான சைக்கிளில் பாதி குறைந்துவிடும். மிச்சத்துக்குச் சீற் அகலம். அட்டைப்பெட்டி மட்டை ஒன்றைக் கடினமான கதிரையில் போட்டு, முன்னுக்குச் சாய்ந்து ஒரு நிமிடம் இருந்து எழும்பினால் இரண்டு எலும்பும் பதிந்த குழி தெரியும். நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து இரண்டு சென்ரிமீற்றர் கூட்டுங்கள், அந்த அகலத்தில், நடுவில் வெட்டுள்ள சீற்றாகப் பாருங்கள். பஞ்சு மெத்தை மாதிரிச் சீற் கடையில் சுகமாக இருக்கும், விசுவமடு தாண்டமுன்னரே வலிக்கும். சீற்றைச் சமமாக வையுங்கள், மூக்கை ஒரு பாகை இரண்டு பாகை இறக்கலாம், அதற்கு மேல் இறக்கினால் பாரம் முழுக்கக் கையில் இறங்கி விரல் திரும்பவும் விறைக்கும். இருக்கிற இடத்தில் மெத்தை வைத்த சைக்கிள் காற்சட்டை நல்லது, ஊர் வாய்க்குப் பயமென்றால் மேலே தளர்வாக ஏதும் போடுங்கள், வலது காலைச் செயினில் மாட்டாமல் கட்டிக்கொள்ளுங்கள்.

அக்கா சொன்ன பெண்கள் சைக்கிள். ஜயன்ற் கம்பனி 2008இல் லிவ் என்று பெண்களுக்கெனத் தனிப் பெயரே தொடங்கியது, இன்றும் செய்கிறது. ஸ்பெஷலைஸ்ட், மாறாக, பெண்களுக்குத் தனிச் சட்டம் தேவையில்லை என்று சில வருடம் முன்னர் ஒரே சட்டத்துக்கு மாறிவிட்டது. பெரிய கம்பனிகளே இரண்டுபட்டு நிற்கிற விஷயம். என் அபிப்பிராயம், உங்கள் பிரச்சினை பெண் என்பதில்லை, உயரம். 152 உயரத்தில் ஒரு பொடியன் வந்தாலும் இதே பதில்தான் சொல்லுவேன். வவுனியாச் சைக்கிள் சரிவராவிட்டால் மட்டும் அக்காவிடம் கேளுங்கள், அப்போதும் நிறத்தையும் பெயரையும் விட்டுவிட்டு ரீச், ஸ்டாக், கிராங், ஹாண்டில் அகலம் நாலையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அனுப்புகூலியும் துறைமுக வரியும் சேர்த்துக் கணக்குப் பார்க்க மறக்கவேண்டாம்.

அப்புறம் காத்து. எங்களுக்கு ஏற்றம் இல்லை, அதனால் கியர் எத்தனை என்று தலையைப் போட்டு உடைக்கவேண்டாம். சோளகம் தொடங்கினால் வெளியில் காத்துப் பிடித்து அடிக்கும், 44 கிலோ ஆளுக்கு அது சின்ன விஷயமில்லை. உயரமான றிம் பார்க்க வடிவு, வட்டுவாகல் பாலத்தில் குறுக்குக் காத்து அடிக்கும்போது அது பாய்மரம், அந்த ஒடுங்கின பாலத்தில் ஒதுங்க இடமும் இல்லை. பதிவான சாதாரண றிம் போதும். கடையில் காத்தடிக்கிற பொடியன் றேசிங் சைக்கிள் என்றவுடன் 100, 110 பிஎஸ்ஐ என்று ஏற்றுவான், விடாதீர்கள். உங்கள் நிறைக்கு 23 ரயர் என்றால் 80 அளவில் காணும், 25க்கு 70, பின்சில்லுக்கு ஒரு ஐந்து கூட. கல்லுப் போல் இறுகின ரயரில் விரல் விறைக்காமல் இராது.

வவுனியாவில் அளந்த எண்களை எழுதி அனுப்புங்கள், வாங்கமுதல்.